எழுநூற்று அறுபது டார்

எங்கள் வீட்டில் இந்நிகழ்ச்சி ஐந்து வடிவங்களில் வழங்குகிறது. ஒன்றில் கூரையே பறக்கிறது. ஆகவே, நான் கண்ணால் கண்டதையும், உலையை இயக்கிய செல்வம் அண்ணன் பின்னர் உறுதிசெய்ததையும் மட்டுமே எழுதுகிறேன். கூரை பறக்கவில்லை.

எண்பதுகளின் இறுதியில், இயற்பியல் பட்டத்தோடு, சிங்கப்பெருமாள் கோவிலருகே ஒரு தொழிற்கூடத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். மூன்று மாதங்களைத் தவறின்றிக் கழித்தால் வேலை நிரந்தரம். அது மூன்றாம் நாள். அங்கே காற்றை முழுதும் உறிஞ்சி வெளியேற்றிய உலையில் உலோகத்தைச் சூடாக்குவார்கள். தூசு ஆகாது என்பதால் செருப்புகள் வாசலிலேயே கிடக்கும்.

உலை ஆறியதும் செல்வம் அண்ணன் ஒரு குழாயைத் திறந்துவிட்டார். “முள்ளையே பாத்துகினு இரு. நின்னதும் கூப்புடு. ஒரு டீ அடிச்சிட்டு வந்துடறேன்.”

உஸ்ஸென்று ஓர் ஓசை. உலையின் அழுத்தமானியில் பூஜ்யத்தில் கிடந்த முள் எழுந்தது.

என் தந்தைக்குத் தாம்பரத்தில் பஞ்சர் கடை. கம்ப்ரசர் முள் நூற்றைம்பதைத் தாண்டினால் ஓடிவிட வேண்டும் என்பதே அழுத்தம் குறித்து நான் கற்ற முதற்பாடம். இங்கோ இருநூறு, நானூறு, அறுநூறு! எண்களின் கீழே ‘டார்’ என்றொரு சொல். (கல்லூரியில் அதைக் கேள்விப்பட்டதே இல்லை, அதாவது, நான் விழித்திருந்த வகுப்புகளில்.) ஓரடி ஓரடியாகப் பின்வாங்கினேன். எழுநூற்று அறுபதில் எண்களே தீர்ந்துபோயின.

“ஓடுங்க! வெடிக்கப் போவுது!” என்று அலறி, அபாயச் சங்கை அழுத்தினேன்.

மேலாளர் உட்பட நாற்பது பேர் அகப்பட்ட செருப்பை மாட்டிக்கொண்டு சாலைக்கு ஓடினோம். தேநீர்க் குவளையோடு எதிரே வந்தார் செல்வம் அண்ணன்.

“இன்னாப்பா, முள்ளு எங்க நின்னுச்சு?”

“எழுநூத்தி அறுபதுண்ணா!”

“அது வெளிய கீற காத்துதாம்பா! உள்ள வுட்டாதான கதவு தொறக்கும்? இப்ப நீ நிக்கற எடத்துலயும் அதே எழுநூத்தி அறுபதுதான்.”

மேலாளர் மூச்சு வாங்கியபடி கேட்டார். “நீ பிசிக்ஸ்தானே? காத்தோட அழுத்தம் பாதரசத்தை எவ்வளவு உயரம் தாங்கும்?”

“எழுநூத்தி அறுபது மில்லிமீட்டர்... சார்.” (தேர்வில் முழு மதிப்பெண் பெற்ற விடை.)

“அதுல ஒரு மில்லிமீட்டர்தான்யா ஒரு டார். பாதரசத்தைக் குழாய்ல நிறுத்திக் காட்டின இத்தாலிக்காரரோட பேரைச் சுருக்கி வச்சது.”

வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவரோ, “நாளைக்கு வா. சங்கு பக்கம் மட்டும் போகாதே” என்றார். அங்கேயே இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றினேன்.

இன்றும் மகளின் தேர்வு முடிவுக்கு நான் நடுங்கினால், மனைவி அடுப்படியிலிருந்தே கேட்பாள்: “இப்ப எத்தனை டாருங்க?”

அன்று மாலை வீட்டில்தான் கவனித்தேன்: என் இடக்காலில் இருந்தது என் செருப்பன்று. அது யாருடையது என்பது இன்றுவரை தெரியவில்லை.