ஆலஞ்சேரி விருந்தாளிகள் நாலு பேரும் தப்பித்த விவரம்

மந்தைவெளி,
சனிக்கிழமை மாலை

ஆலஞ்சேரி ஊர் விருந்தினர் சங்கத்தின் செயலாளரும் என் கூடப் பிறந்தவனுமாகிய அன்புத் தம்பி எரிக், ஆண்டவர் கிருபையால் இங்கு நானும் உன் அண்ணி ஐரினும் மகள் சான்ட்ராவும் பால்கனியில் நிற்கும் கோழியும் சுகம். அங்கே எல்லோரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். இன்றைக்கு ஜெபம் எனக்குத்தான் அதிகம் தேவை.

எரிக், நீ அனுப்பிய விருந்தாளிகள் நாலு பேரும் தப்பித்துப் போய்விட்டார்கள்.

நீ பதறாதே, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஊரின் இருபத்திரண்டு வீடும் சேர்ந்து சொந்தமாகச் சங்கம் வைத்து, சுற்றுலா வருகிறவர்களை முறை போட்டு வீடு வீடாகத் தங்க வைக்கிறீர்கள். அதில் மிஞ்சியதை வைத்துத் தண்ணீர்த் தொட்டி கட்டினீர்கள், நர்ஸ் வைத்தீர்கள், வேலை தேடி இங்கே வந்த பையன்கள்கூடத் திரும்பிப் போனார்கள். எனக்குப் பெருமைதான். ஆனால் புயலில் கூரை பறந்த நம் வீட்டுக்கு முறை வந்தபோது, "கூரை இல்லேன்னா என்ன, காலைல அண்ணன் மந்தைவெளியில வரவேற்று மதியம் ஊருக்கு பஸ் ஏத்தட்டும்" என்று கூட்டத்தில் கையைத் தூக்கினாயே, அன்றோடு என் தூக்கம் போயிற்று. முறையை ஒழுங்காகச் செய்த வீட்டுக்குத்தான் சங்கம் கூரை போட்டுத் தரும். விருந்தாளி மனம் கோணினால் வீடு பட்டியலின் கடைசிக்குப் போகும். இந்த மழைக்குள் கூரை ஏறாவிட்டால் சுவரும் நிற்காது. இதை நினைத்தால் எனக்கு எப்படி இட்லி இறங்கும்?

விருந்தாளி சும்மா வேடிக்கை பார்க்கக் கூடாது, வீட்டு வேலையில் சேர வேண்டும் என்பது உங்கள் சட்டம். இரண்டாவது மாடி ஃபிளாட்டில் என்ன வேலை கொடுப்பது? மொட்டை மாடியில் கிடந்த அம்மியை இறக்கினேன். காய்கறி வண்டி அம்மாசியிடம் ஒரு கோழி கேட்டேன். "சார், இது முட்டையெல்லாம் போடாது, சும்மா நின்னுக்கினுதான் கீது" என்றான். நிற்கட்டும் என்று வாங்கிவந்தேன். ஐரின் இதில் தலையிடவே இல்லை. காலையில், "பத்து மணிக்கு ஆளுங்க வர்றாங்க. நல்ல சட்டையா போடுங்க, வாயக் குடுத்துக் கெடுக்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, சான்ட்ராவை பார்லருக்கு இழுத்துக்கொண்டு போனாள். இருவரும் திரும்பும்போது லஸ் முனை டிராஃபிக் நெரிசலில் மாட்டிக்கொண்டார்கள்.

சொன்ன நேரத்துக்கு நாலு பேர் வந்தார்கள். அப்பா, பட்டுப்புடவையில் அம்மா, முப்பது வயதுக்கு மேல் ஒரு பையன், அவன் அக்கா. தட்டு நிறையப் பழமும் ஸ்வீட்டும் வேறு. எவ்வளவு பண்பான சுற்றுலாக்காரர்கள் என்று பூரித்துப் போனேன்.

"பொண்ணு இல்லையாங்க?" என்றார் அந்த அம்மா.

"வந்துடுவா. நீங்க முதல்ல இந்த வெங்காயத்த உரிங்க."

பையனை அம்மியில் சட்னி அரைக்க உட்கார வைத்தேன். அக்காவைத் துணி காயப்போடச் சொன்னேன். அப்பாவின் கையில் கோழியைக் கொடுத்தேன்.

"இது உங்க குடும்ப வழக்கமா சார்?" என்று கேட்டார்.

"ஊர் வழக்கம். இருபத்திரண்டு வீட்லயும் இதேதான்" என்றேன். மனிதர் கோழியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு, "வாங்க, மதுராந்தகம் பஸ் ஏத்திவிடறேன். ராத்திரி ஊர்லயே தங்கிக்கலாம்" என்றேன். நாலு பேரும் ஒன்றாக எழுந்துவிட்டார்கள். "இன்னைக்கேவா? இல்லைங்க, கார் கீழ நிக்குது" என்று அந்த அம்மா படியில் இறங்கியபடியே சொன்னார். பையனை மட்டும் மடக்கி, சங்க விதிப்படி அபிப்பிராயம் எழுதி வாங்கினேன். அவன் சிரித்துக்கொண்டே எழுதினான். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தமோ. வீட்டுக்காரர் படிக்கக் கூடாது, செயலாளர்தான் பிரிக்க வேண்டும் என்பதால் உறையை ஒட்டியபடியே இத்துடன் வைத்திருக்கிறேன்.

அப்புறம் வந்து சேர்ந்த ஐரினிடம், என் ஆட்கள் வந்து ஓடியும் போய்விட்டார்கள் என்றேன். அவள் காதிலேயே வாங்கவில்லை. மூன்று மணி வரை வாசலையே பார்த்திருந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாள். நம் வீட்டுக் கூரைக்காக அவள் இவ்வளவு வருத்தப்படுவாள் என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமல் போயிற்று.

தம்பி, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். என் முறையைப் பட்டியலில் அடுத்திருக்கும் கைசர் ஜஹான் அக்கா வீட்டுக்கு மாற்றிவிடு. கூரையை மட்டும் கைவிட்டுவிடாதே. என்னால் முடியவில்லையடா.

பிள்ளைகளின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போடு. உங்கள் எல்லோரையும் மாதா காப்பாளாக.

அன்புள்ள அண்ணன்,
மரியதாஸ்

பி.கு.: அந்தப் பழத்தட்டை எங்கே வைப்பது என்று ஐரினை எழுப்பிக் கேட்டேன். தட்டைப் பார்த்ததும் அலறிவிட்டாள். உன் செய்தியை என் போனிலேயே எடுத்துக் காட்டினாள். உன் ஆட்கள் வருவது அடுத்த சனிக்கிழமையாம். இன்று வந்தவர்கள் சான்ட்ராவைப் பெண் பார்க்க வந்தவர்கள். சொன்னால் பதறிக் காரியத்தைக் கெடுத்துவிடுவேன் என்று என்னிடம் மறைத்தார்களாம். விதியாவது ஒன்றாவது என்று உறையையும் கிழித்துவிட்டாள். பையன் எழுதியிருந்தது: "பெண் பார்க்க வந்தோம், அப்பாவைப் பார்த்தோம். எங்கள் அப்பாவைக் கோழி கொத்திவிட்டது. அம்மாவுக்கு இன்னும் பயம் போகவில்லை. எனக்கு இந்த வீடு பிடித்திருக்கிறது. சான்ட்ராவுக்கு விருப்பமென்றால் அடுத்த சனிக்கிழமை வருகிறேன். சட்னி பாதியில் நிற்கிறது." சான்ட்ரா இரண்டு முறை படித்துவிட்டு, "வரட்டும்ப்பா" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆகவே முறையை மாற்றாதே, கைசர் ஜஹான் அக்காவிடம் வாயே திறக்காதே. உன் நாலு பேரின் போட்டோவை மட்டும் முன்னாலேயே அனுப்பிவை. இந்தத் தடவை மாப்பிள்ளையை பஸ் ஏற்றிவிடக் கூடாது.