முதல் இலை

புதிதாக ஒரு வித்தை கற்றுக்கொண்டவன் இருக்கும் வீட்டில் கல்யாணம் வைக்கக்கூடாது. வைத்தார்கள். அறுபதுகளின் கடைசியில், மாட்டுங்காவில், என் அக்கா வத்சலாவுக்கு.

நான் அப்போது ஃபோர்ட் பகுதியில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பயிற்சியில் இருந்தேன். (அம்மா அக்கம்பக்கத்தில் "ஏசி ரூம்ல வேலை" என்று மட்டும் சொல்லிவைத்திருந்தாள். அதுவே போதுமானதாக இருந்தது.) பீரோ பீரோவாக நிற்கும் மெஷின், துளை போட்ட கார்டுகள், உள்ளே மார்கழி, வெளியே பம்பாயின் வியர்வை. லோக்கல் ரயிலில் தொங்கியபடி, ஓடும் ஜன்னல்களையும் மழையையும் எதிரில் தூங்கும் முகங்களையும்கூட வரிசைப்படுத்திக்கொண்டு வருவேன். ஏனென்றால் அந்த வாரப் பாடம் பட்டியல். பெயர்களை வரிசையாகக் கொடுப்பது, ஒவ்வொன்றாக எடுப்பது, எடுத்ததை நீக்குவது.

"பந்திப் பொறுப்பை என்கிட்ட விடுங்கோ பெரியப்பா. யார் எப்போ உட்காரணும்னு மெஷினே சொல்லிடும்."

"தப்புப் பண்ணாதோ?"

"மனுஷாதான் தப்புப் பண்ணுவா." (பின்னாளில் இதை என்னிடம் திருப்பிச் சொல்லாத உறவினர் இல்லை.)

அக்கா மட்டும் தனியாகக் கூப்பிட்டாள். "டேய் சந்துரு, அவாத்துல மரியாதை ரொம்பப் பார்ப்பா. நாளைக்கு நான் செம்பூர்ல போய்க் குடித்தனம் பண்ணணும். விளையாடாதே."

விளையாடவில்லை. ப்ரோகிராம் எழுதினேன். பட்டியலில் முதல் பெயரைக் கூப்பிடு, நீக்கு. பின்னால் இருப்பவர்கள் ஒரு இடம் முன்னே நகரட்டும். பிறகு இரண்டாவது இடத்துக்குப் போ. கூப்பிடு, நீக்கு. பந்தி நிரம்பும்வரை. மிச்சம் இருப்பவர்கள் அடுத்த பந்திக்கு. கார்டுகள் ஜோடி ஜோடியாக: மாமா, அடுத்து மாமி. சோதனைக்காக என் பெயரையே முதல் கார்டில் போட்டேன். அதை எடுக்க மறந்தேன். முந்தின நாள் சாயங்காலம் மெஷின் கக்கிய காகிதத்தைப் படித்துப் பார்க்கக்கூட இல்லை. என்ன ஒரு நம்பிக்கை!

முகூர்த்தம் முடிந்தது. எங்களில், பெண்ணின் சகோதரன் சம்பந்தியைக் கைப்பிடித்து அழைத்து வந்து முதல் இலையில் உட்கார்த்த வேண்டும். பெரியப்பா சாப்பாட்டுக் கூடத்து வாசலில் காகிதத்தை விரித்து முழங்கினார்.

"சந்துரு!"

"பெரியப்பா, அது வந்து..."

"மெஷின் சொல்லிடுத்து. உட்காருடா!" தோளை அழுத்தி முதல் இலையில் உட்கார்த்தியேவிட்டார்.

அடுத்து "சம்பந்தி மாமி!" அடுத்து "மாப்பிள்ளையோட சித்தி!" அடுத்து இன்னொரு மாமி. கூடம் முழுக்கப் பட்டுப்புடவைச் சரசரப்பு. வாசலில் அவர்களுடைய கணவன்மார்கள், சுவர் மாதிரி.

சம்பந்தி மாமா கேட்டார்: "என் பேர் இல்லையா?"

பெரியப்பா தாளைப் புரட்டி முகம் மலர்ந்தார். "இருக்கே! ரெண்டாம் பந்தி. முதல் பேரே உங்களோடதுதான்!"

பாயச வாளி நின்றது. நாகஸ்வரம்கூட மூச்சு வாங்கியதாக ஞாபகம். மாமா துண்டை உதறினார். "சலோ, கிளம்பலாம். சாப்பாடு கிடைக்காத ஊரா இது?"

"நீங்க போயிட்டு வாங்கோ," என்றாள் மாமி, இலையில் தண்ணீர் தெளித்தபடி. "நான் உட்கார்ந்தாச்சு."

மணையில் அக்காவின் முகம் வெளுத்தது. நான் எழுந்து ஓடினேன்.

"மாமா, ஒருத்தரை எடுத்தா பின்னாடி இருக்கறவா ஒரு இடம் முன்னாடி வந்துடறா. மெஷின் அதுக்குள்ள அடுத்த இடத்துக்குப் போயிடறது. நடுவுல ஒருத்தர் விட்டுப்போறார்."

"இது மெஷினுக்குத் தெரியாதா, உனக்குத் தெரியாதா?"

"எனக்குத்தான், மாமா."

"அரே, ரேஷன் க்யூல இதைப் பண்ணியிருந்தா உன்னை உரிச்சிருப்பா!"

யாரோ சிரித்தார்கள். திரும்பினால், அக்கா. பயமும் சிரிப்பும் சேர்ந்து, கண்ணில் நீர் முட்ட, அடக்க முடியாமல். மாமா புது மருமகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் விட்டு வந்த இடத்தைப் பார்த்தார்.

"நீ எழுந்தாச்சோன்னோ? அப்போ நான் ஒரு இடம் முன்னாடி வரேன்." புது இலை போடச் சொல்லி, அங்கேயே உட்கார்ந்தார்.

பட்டியலைக் கடைசியிலிருந்து நீக்கிக்கொண்டு வந்தால் யாரும் விட்டுப்போக மாட்டார்கள். திங்கட்கிழமையே தெரிந்துகொண்டேன்.

இன்றைக்கும் செம்பூரில் விசேஷம் என்றால் முதல் இலை எனக்கு. உட்கார வேண்டும், உடனே எழுந்திருக்க வேண்டும், பிறகுதான் பந்தி. (குழந்தைகள் இதை ஏதோ சாஸ்திரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.) நான் எழுந்ததும் மாமா வந்து உட்காருவார், வருஷா வருஷம், அதே சிரிப்போடு. போன தீபாவளிக்கு மாமா இல்லை. நான் எழுந்து நின்றேன். இலை காலியாக இருந்தது. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அக்காதான் அத்திம்பேரிடம் மெதுவாகச் சொன்னாள்: "ஏன்னா, நீங்க ஒரு இடம் முன்னாடி வாங்கோ."