முழுச்சுத்து பிரான்ஸுக்குப் போனார்

ரமணாசிரமத்திலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நேராக ஆட்டோ ஓட்டாத ஆட்டோக்காரர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் முழுச்சுத்து.

திருவண்ணாமலையில் மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு பதினான்கு கிலோமீட்டர் நடப்பது கிரிவலம். ஊரே பௌர்ணமிக்கு நடக்கும். முடிந்ததும் வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுக்கும். முழுச்சுத்து அதோடு நிற்கவில்லை, ஆட்டோவையும் அப்படியே ஓட்டினார். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆசிரமம் வரும்போது மலை வலப்பக்கம் இருக்கும், பிரச்சினை இல்லை. திரும்பிப் போகையில் அது இடப்பக்கம் வந்துவிடுமே! அதனால் மேற்கே திருப்பி, அடி அண்ணாமலை வழியாக மலையைச் சுற்றி, மறுபக்கமாகப் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் இறக்குவார். பத்து நிமிட வழிக்கு முக்கால் மணி நேரம். வாடகை மட்டும் பத்து நிமிடத்துக்குத்தான் வாங்குவார்.

"இன்னாண்ணா இது, பெங்களூர் பஸ்ஸு அஞ்சு மணிக்குன்னு தலபாடா அடிச்சிக்கினேனே!"

"பஸ்ஸு போனா பின்னாடியே இன்னொண்ணு வரும் சார். மலைக்கு எடது காட்டிட்டு ஊருக்குப் போனா நல்லாவா இருக்கும்?"

உள்ளூர்க்காரன் எவனும் இரண்டாம் தடவை அவர் ஆட்டோவில் ஏறமாட்டான். ஏறுகிறவர்கள் எல்லாம் வெளிநாட்டுக்காரர்கள். அவர்கள் இதை ஏதோ விசேஷ ஆன்மிக ஏற்பாடு என்று நினைத்துக் கண்களை மூடிக்கொள்வார்கள். நான் அப்போது செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வரவேற்பு மேசையில் இருந்தேன். பஸ்ஸைத் தவறவிட்டுத் திரும்பி வருகிறவர்களுக்கு மறுபடியும் அதே அறையைக் கொடுப்பதே என் வேலையில் பாதி.

இந்தப் பைத்தியக்காரத்தனத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அதற்குப் பதினெட்டு வருடம் முன்னால் அவர் மனைவி தேவகிக்கு வேலூரில் இருதய ஆபரேஷன் நடந்தது. இவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி, "சாமி, இவளைத் திருப்பிக் குடுத்துடு. ஒரு பௌர்ணமி வுடாம நடக்கறேன். செத்தாலும் உனக்கு எடது காட்ட மாட்டேன்" என்று வேண்டிக்கொண்டார். தேவகி பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து மழை, காய்ச்சல், மைத்துனர் கல்யாணம் எதற்கும் ஒரு பௌர்ணமியைக்கூட அவர் விட்டதில்லை. விட்டால் தேவகிக்கு ஏதாவது ஆகிவிடும் என்று உள்ளுக்குள் உறுதியாக நம்பினார். தேவகி, "நானும் ஒரு வாட்டி கூட வரேங்க" என்று கேட்டால் மட்டும், "உன் நெஞ்சுக்கு அதெல்லாம் ஆவாது, வூட்லயே இரு" என்று வாயை அடைத்துவிடுவார்.

வருடா வருடம் வந்து மூன்று மாதம் தங்குகிற பிரெஞ்சுக்கார அம்மா ஒருவர் இருந்தார். பெயர் மொனிக். ஊருக்கு அவர் 'மோனிகாம்மா'. முழுச்சுத்துவின் ஆட்டோவைத் தவிர வேறெதிலும் ஏறமாட்டார். ஒரு நாள், "உங்கள் மலையை இவர் எனக்கு எத்தனையோ தடவை சுற்றிக் காட்டிவிட்டார். என் கிராமத்தின் ஏரியையும் பள்ளத்தாக்கையும் கோட்டையையும் நான் இவருக்குக் காட்டவேண்டாமா?" என்று டிக்கெட்டே எடுத்துவிட்டார். புதுச்சேரியில் அத்தை வீட்டில் தங்கிப் படித்த காலத்தில் நான் கொஞ்சம் பிரெஞ்சு கற்றிருந்தேன். அதனால் மொழிபெயர்க்க எனக்கும் ஒரு டிக்கெட்.

முழுச்சுத்து முதலில் பார்த்தது பாஸ்போர்ட்டை அல்ல, காலண்டரை. "ஜூலை இருவத்திநாலு பௌர்ணமி. பதினெட்டாந் தேதி திரும்பிடறோம். ரைட்டு, போலாம்" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன். அந்த அட்டையை நான் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும்.

பிரான்ஸில் இறங்கி, மோனிகாம்மா கார் ஓட்ட, கிராமத்துக்குப் புறப்பட்டோம். முதல் ரவுண்டானா வந்தது. அந்த ஊரில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகின்றன. ஆகவே ரவுண்டானாவை இடமாகத்தான் சுற்றும். பின்சீட்டிலிருந்து ஓர் அலறல்.

"ஐயோ சார்! எடமா சுத்துறாங்க சார்!"

"இங்க சட்டமே அதாண்ணா."

"இன்னா சட்டம்? நம்ம ஊர்ல ரவுண்டானாவ எவ்ளோ பக்தியா வலமா வுட்டு வெச்சிருக்காங்க!"

பிரான்ஸின் கிராமங்களில் இரண்டு வீடு இருந்தால் நடுவில் ஒரு ரவுண்டானா இருக்கிறது. முப்பத்தேழு வரை எண்ணினேன். ஒவ்வொன்றுக்கும் அவர் கண்ணை மூடிக்கொண்டு, தாண்டியதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கிராமம் போய்ச் சேர்ந்தபோது இரண்டு கன்னமும் தக்காளி மாதிரி இருந்தன. மோனிகாம்மா வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக் களிம்பு கொடுத்தார்.

கடைசி ரவுண்டானாதான் மோசம். அது கிராமத்து வாசலில் இருந்தது. நடுவே ஆளுயரத்துக்கு ஒரு கருங்கல், உச்சி உருண்டையாக. சாலை போடத் தோண்டியபோது கிடைத்ததாம். எந்தக் காலத்துக் கல் என்று யாருக்கும் தெரியாததால், புல்தரை போட்டு நடுவில் நட்டுவிட்டார்கள். முழுச்சுத்து காரைவிட்டு இறங்கி அதைப் பார்த்தபடி நின்றார்.

"சாமிய நட்டு வெச்சிட்டு ஊரே எடமா சுத்துது சார். இந்த ஊரு எப்படி உருப்படும்?"

ஊர் நன்றாகவே உருப்பட்டிருந்தது. வீட்டுக்கு வீடு ரோஜாச்செடி.

மறுநாள் கோட்டை. அறுநூறு வருடப் பழசு. பார்வையாளர்கள் போகவேண்டிய வழிக்குச் சுவரில் அம்புக்குறி போட்டிருந்தார்கள். அம்பு இடப்பக்கம் காட்டியது, இவர் வலப்பக்கம் போனார். எதிரே ஒரு பஸ் நிறைய ஜெர்மன்காரர்கள். குறுகலான மாடிப்படியில் இவர் ஒருவர் கீழிருந்து மேலே, அவர்கள் நாற்பது பேர் மேலிருந்து கீழே. இவர் கையெடுத்துக் கும்பிட்டு, "கொஞ்சம் வழி வுடுங்க, கொஞ்சம் வழி வுடுங்க" என்றார். அவர்களும் பதிலுக்குக் கும்பிட்டுக்கொண்டே சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். கோட்டை நிர்வாகம் மட்டும் கும்பிடவில்லை.

அதற்கடுத்த நாள் பள்ளத்தாக்கு. பாறையைக் கத்தியால் அறுத்த மாதிரி இறங்கி, அடியில் பச்சை நிறத்தில் ஆறு. பார்த்த எனக்கு மூச்சே நின்றுவிட்டது. மோனிகாம்மா ஆவலோடு முழுச்சுத்துவின் முகத்தைப் பார்த்தார். அவர் வெகுநேரம் எட்டிப் பார்த்துவிட்டு, "மலை எங்க?" என்றார்.

"மலை இல்லண்ணா. இது பள்ளம்."

"அதான் கேக்கறேன். இவ்ளோ பெரிய குழி இருக்குதுன்னா இங்கிருந்த மலைய எவனோ தூக்கிக்கினு பூட்டான். நம்ம மலைய கவுத்துப் போட்டா இதுல கரெக்டா உக்காரும் சார்." பிறகு குரலைத் தாழ்த்தி, "இத எப்படி சுத்துறது?" என்றார். சுற்ற முடியாத ஒன்றைக் கடவுள் ஏன் படைத்தார் என்பது அவருக்குப் புரியவே இல்லை.

அன்று மாலை வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒன்பது மணிக்கும் வெயில் அடிக்கிற ஊர் அது. வெயிலோடு வெயிலாக ஏரிக்கு மேலே நிலா வந்தது.

"நிலா ஏன் சார் இவ்ளோ குண்டா இருக்குது?"

"இந்த ஊர்ல வெண்ணெய் ஜாஸ்திண்ணா" என்றேன். இதற்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

காலையில் தேவகி போனில் வந்தார். "ஏங்க, நாளைக்குப் பௌர்ணமியாச்சே, இன்னைக்கே ஸ்பெஷல் பஸ்ஸுங்க வந்து நிக்குது. நீங்க இன்னா பண்ணப் போறீங்க?"

முழுச்சுத்துவின் கையிலிருந்த காபிக் கிண்ணம் நழுவியது. பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் ஆட்டோவில் தொங்குவது போன வருடத்துக் காலண்டர். அதில் அண்ணாமலையார் படம் அம்சமாக இருந்ததால் தூக்கிப்போட மனம் வரவில்லை. ஊரில் இருக்கும்வரை அதனால் தொல்லை இல்லை. பௌர்ணமி வந்ததை லட்சம் ஜனம் வந்து சொல்லிவிடும். தேதி பார்க்கவேண்டிய அவசியம் வாழ்க்கையில் முதல்முறையாக வந்தபோது, போன வருடத்துப் பௌர்ணமியைப் பார்த்திருக்கிறார்.

பார்க்கவே பாவமாக இருந்தது. "பதினெட்டு வருஷம் சார். அவளுக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு..."

மோனிகாம்மா வரைபடத்தை விரித்தார். ஏரியைச் சுற்றலாமா? ஒரு கரை முழுக்கச் செங்குத்துப் பாறை, வழி கிடையாது. பள்ளத்தாக்கு ஆகாது. கோட்டைக்கு நாளைக்கு வார விடுமுறை. குன்றுகளெல்லாம் வேலி போட்ட திராட்சைத் தோட்டங்கள். முழுச்சுத்து மெதுவாக நிமிர்ந்தார்.

"ரவுண்டானா இருக்குதே சார்."

ஒரு சுற்று நூறு மீட்டர், ஆக நூற்று நாற்பது சுற்று. மறுநாள் மதியம் ஒரு மணிக்கு வேட்டி கட்டி, திருநீறு பூசி, செருப்பைக் கழற்றிவிட்டு, கல்லை வலப்பக்கம் வைத்து நடக்க ஆரம்பித்தார். எதிரே வந்த முதல் டிராக்டர்காரர் ஹாரன் அடிப்பதைக்கூட மறந்துவிட்டார். நான் பெஞ்சில் உட்கார்ந்து எண்ணினேன். கணக்குத் தப்பாமலிருக்கச் சுற்றுக்கு ஒரு செர்ரிப்பழம் தின்று கொட்டையை வரிசையாக வைத்தேன். இது எவ்வளவு முட்டாள்தனமான ஏற்பாடு என்பது தொண்ணூறாவது சுற்றில் என் வயிற்றுக்குத் தெரிந்தது.

முப்பதாவது சுற்றில் போலீஸ் வந்தது. மோனிகாம்மா அரைமணி நேரம் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். வண்டிகள் எந்தப் பக்கம் சுற்றவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. புல்லின் மேல் நடக்கிற மனிதனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றார். ஆனால் பாதுகாப்புக்காக, இருட்டில் மினுங்குமே, அந்த மஞ்சள் ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஆக மிச்சச் சுற்றுகளை வேட்டியும் மஞ்சள் ஜாக்கெட்டுமாக முடித்தார். வழியில் போன ஒரு நாய்கூட இருபது சுற்று கூடவே நடந்தது.

நூற்று நாற்பதாவது சுற்று முடிந்து அவர் கல்லின் முன் விழுந்து கும்பிடும்போது போன் அடித்தது. வீடியோவில் தேவகி. பின்னால் ஒரே கூட்டம், விளக்குகள், அரோகரா சத்தம்.

"எங்க இருக்கற நீ?"

"கிரிவலப் பாதையில குபேர லிங்கம் தாண்டிட்டேங்க. நீங்க அங்க சுத்துறது கணக்குல வருமோ வராதோ. அதான் நானே நடந்துடலாம்னு பொறப்பட்டுட்டேன்."

முழுச்சுத்து ஒரு கிராமமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். "உனக்கு அறிவு இருக்குதா? நெஞ்சு இன்னா ஆவும்? ஆட்டோ புடி! மொதல்ல ஒரு ஆட்டோ புடிச்சித் திரும்பி நேரா வூட்டுக்குப் போ!"

"திரும்பியா?" என்றார் தேவகி, மூச்சு வாங்கிக்கொண்டே. "மலை எடது பக்கம் வந்துடுமேங்க?"

பதினெட்டு வருடம் ஊரையே பஸ்ஸைத் தவறவிட வைத்த மனிதரிடமே இந்தக் கேள்வி. மஞ்சள் ஜாக்கெட்டால் கண்ணைத் துடைத்தார். பிறகு, "மெதுவா நட. போன வெக்காத. நானும் வரேன்" என்று மறுபடி சுற்ற ஆரம்பித்தார். கிழக்குக் கோபுரம் வந்து தேவகி கற்பூரம் ஏற்றுகிறவரைக்கும், ஒன்றரை மணி நேரம், இவரும் நிற்கவில்லை. செர்ரி தீர்ந்துபோயிருந்தது. நானும் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

இப்போது ஒவ்வொரு பௌர்ணமிக்கும் இருவரும் சேர்ந்தே நடக்கிறார்கள். அந்த மஞ்சள் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலோடு முழுச்சுத்து பின்னால் வருவார். தேவகி எங்கே நின்றாலும் அங்கே ஸ்டூல் விழும்.

நான் இப்போது சென்னையில் இருக்கிறேன். எப்போதாவது ஊருக்குப் போய்த் திரும்பும்போது, ஆசிரமத்து வாசலில் நிற்கிற ஆட்டோக்காரர்கள் எல்லாம், "சார், பஸ் ஸ்டாண்டு பத்தே நிமிஷம்" என்று கூப்பிடுவார்கள். நான் அவர்களைத் தாண்டிப்போய் முழுச்சுத்துவின் ஆட்டோவில் ஏறிக்கொள்வேன். பஸ் போனால் பின்னாடியே இன்னொன்று வரும்.