மேனேஜர் வீட்டுப் புல்லும் அஞ்சு நிமிஷ இன்ஜினும்

அன்னிக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. மேனேஜர் வீட்டுத் தோட்டத்துல புல்லு வெட்டணும்.

வெட்டணும்னா கத்தியால இல்ல. மெஷினால. பெட்ரோல்ல ஓடற மெஷின்!

எழுபதுகளோட ஆரம்பம். எனக்கு இருபத்தாறு வயசு. மயிலாப்பூர்ல குளத்துக்குப் பின்னாடி ஒரு ரூம், பாண்டி பஜார்ல ஒரு ஆபீஸ். கோயமுத்தூர்ல பம்புசெட் இன்ஜின் செய்யற கம்பெனியோட மெட்ராஸ் கிளை அது. சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகுது, இன்னும் பர்மனென்ட் ஆகல.

சைதாப்பேட்டையில எனக்குப் பார்த்து வெச்சிருந்த பொண்ணோட அப்பா கறாரா சொல்லிட்டாரு. "வேலை பர்மனென்ட் ஆகட்டும் மாப்ளே. மறுநாளே தட்டு மாத்திக்கலாம்."

எனக்கு அந்தப் பொண்ணை ரொம்பப் பிடிச்சிருந்தது. பர்மனென்ட் ஆர்டருக்கு எழுத வேண்டியவரு மேனேஜர். அதனால அவரு என்ன சொன்னாலும் என் வாயில "சரி சார்"தான் வரும்.

அந்த வாரம் கோயமுத்தூர்லேர்ந்து டைரக்டர் வர்றாரு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அடையார்ல மேனேஜர் வீட்டுத் தோட்டத்துல டீ. ரெண்டு மழை பெஞ்சு அங்கே புல்லு முழங்கால் உசரத்துக்கு வளர்ந்து நிக்குது.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டாரு. "சுந்தரம், நீதான் மெஷின் தெரிஞ்சவன். ஸ்கூட்டர் இன்ஜினை நீயே பிரிச்சு மாட்டினேன்னு சொன்னியே. நம்ம ஆத்துல புல்லு வெட்டற மெஷின் இருக்கு. ஞாயித்துக்கிழமை வந்து வெட்டிக் குடுத்துடு."

ஸ்கூட்டரைப் பிரிச்சது நான்தான். மாட்டினது ராயப்பேட்டை மெக்கானிக். அந்த ரெண்டாவது பாதியை ஆபீஸ்ல நான் யார்கிட்டயும் சொல்லல.

"சரி சார்"னேன்.

ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்குப் போய் நின்னேன். மெஷின், சீமைக்கே திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரர்கிட்ட மேனேஜர் வாங்கினது. பச்சை பெயின்ட். மேல ஒரு சின்ன டாங்க். பக்கத்துல ஒரு கயிறு. கயித்தை இழுத்தா ஸ்டார்ட் ஆகணும்.

தோட்டக்காரர் கன்னியப்பன் கையில கத்தியோட நின்னுக்கிட்டிருந்தாரு.

"சார், அத்த வுட்டுடு. கத்தியாலயே மத்தியானத்துக்குள்ள வெட்டிடறேன்."

"மெஷின் இருக்கும்போது கத்தி எதுக்குய்யா? காலம் மாறிப்போச்சு"ன்னேன். டைரக்டர் காதுல விழற மாதிரியே சொன்னேன். டைரக்டர் அப்போ தி.நகர் ஓட்டல்ல தூங்கிக்கிட்டிருந்தாரு.

பெட்ரோல்ல கணக்கா ஆயில் கலந்தேன். ஊத்தினேன். கயித்தை இழுத்தேன். இழுத்தேன். இழுத்தேன். பதினாலாவது இழுப்புல ஸ்டார்ட் ஆச்சு!

அடடா, என்ன சத்தம்! அக்கம்பக்கத்துல காக்காயெல்லாம் ஊரைக் காலி பண்ணிட்டுப் போச்சு. நான் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு நடந்தேன். பின்னாடி பாய் விரிச்ச மாதிரி புல்லு. மேனேஜர் வீட்டு மாமி ஜன்னல்லேர்ந்து பார்த்து, "பேஷ், பேஷ்! ஜோரா பண்ணிண்டிருக்கியே!"ன்னாங்க.

அஞ்சு நிமிஷம். ரெண்டு தடவை இருமிச்சு. நின்னுடுச்சு.

பெட்ரோல் தீர்ந்துடுச்சோ? டாங்க் மூடியை ஓரமாப் பிடிச்சுத் திறந்து பார்த்தேன். முக்கால்வாசி இருக்கு. மூடினேன். கயித்தை இழுத்தேன். ஸ்டார்ட் ஆச்சு.

அஞ்சு நிமிஷம். நின்னுடுச்சு.

ஸ்பார்க் பிளக்கைக் கழட்டினேன். உப்புத்தாள் வெச்சுத் தேய்ச்சேன். சேவிங் பிளேடை வெச்சு இடைவெளி பார்த்தேன். அப்படித்தான் பார்க்கணும்னு கேள்விப்பட்டிருக்கேன், எவ்வளவு இருக்கணும்னு கேள்விப்பட்டதில்ல. மாட்டினேன். பெட்ரோலை இன்னொரு தடவை திறந்து பார்த்தேன். இழுத்தேன். ஓடுச்சு!

அஞ்சு நிமிஷம்.

கார்புரேட்டரை ஊதினேன். வாயெல்லாம் பெட்ரோல். ஏர் பில்டரைக் கழுவினேன். ஒவ்வொரு வைத்தியத்துக்கும் அஞ்சு நிமிஷம் மரியாதை குடுத்துட்டு மெஷின் படுத்துக்கும்.

கன்னியப்பன் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கிட்டே இருந்தாரு. ரெண்டு மணிக்கு வாயைத் திறந்தாரு.

"சார், ஒண்ணு சொல்லட்டா?"

"சொல்லுய்யா."

"நீ இன்னா பண்ணாலும் கடசீல மூடியத் தொறந்து பாக்கற. தொறந்தாத்தான் அது ஓடுது. பேசாம தொறந்து வெச்சே ஓட்டேன்."

எனக்குச் சுர்ருன்னு கோவம் வந்துடுச்சு. "இன்ஜின்னா என்னன்னு தெரியுமாய்யா உனக்கு? திறந்து வெச்சா பெட்ரோல் தெறிக்கும். நெருப்பு பிடிக்கும். தெரியாத விஷயத்துல தலையிடாத."

"இன்னாமோ போ"ன்னுட்டு அவரு பீடியைப் பத்த வெக்கத் தள்ளிப் போயிட்டாரு.

அப்போதான் காம்பவுண்டு சுவருக்கு மேல ஒரு தலை தெரிஞ்சுது. பக்கத்து வீட்டு புரொபசர். காலேஜ்ல பிசிக்ஸ் எடுக்கறவரு.

"மிஸ்டர், காலையிலேர்ந்து கேட்டுக்கிட்டிருக்கேன். பெட்ரோல் இன்ஜின்னா நூறு பாகம், நூறு வியாதி. எதுக்கு இந்தக் கஷ்டம்? பேட்டரின்னா ரெண்டே கம்பி. சத்தம் கிடையாது, புகை கிடையாது. இன்னும் கொஞ்ச வருஷத்துல உலகமே பேட்டரிதான். என்கிட்ட ஒண்ணு ரெடியா இருக்கு."

ரெடியா இருந்தது என்னன்னா, கையால தள்ளற பழைய புல்வெட்டி. அது மேல ஒரு பழைய கார் டைனமோவைக் கட்டி, சைக்கிள் செயினை மாட்டி வெச்சிருந்தாரு. கரன்ட் குடுத்தா டைனமோவே மோட்டார் மாதிரி சுத்துமாம்.

"பேட்டரி எங்க சார்?"

"அது ஒண்ணுதான் பாக்கி"ன்னாரு புரொபசர். அவரு கண்ணு மெதுவா மேனேஜரோட கார் பக்கம் போச்சு.

மேனேஜர் அந்தக் கார்லதான் மூணரைக்கு டைரக்டரைக் கூட்டிட்டு வரப் போகணும். இப்போ உள்ளே சாப்பிட்டுத் தூங்கறாரு. "அரை மணி நேரத்துல திருப்பி மாட்டிடலாம், யாருக்குத் தெரியப் போகுது?"ன்னாரு புரொபசர். படிச்ச மனுஷன் சொல்றாரேன்னு நானும் கழட்டினேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

கார் பேட்டரி கனம். புல்வெட்டி மேல வெச்சா அது நகராது. அதனால புரொபசர் வீட்டுக் குழந்தையோட தள்ளுவண்டியில பேட்டரியை உட்கார வெச்சோம். அங்கேர்ந்து புல்வெட்டிக்கு ஆறடி ஒயர். புரொபசர் புல்வெட்டியைப் பிடிச்சுக்கணும். பின்னாடி கன்னியப்பன் குழந்தை வண்டியைத் தள்ளிக்கிட்டு வரணும். நடுவுல நான் ஒயர் புல்லுல மாட்டாம ரெண்டு கையாலயும் தூக்கிப் பிடிக்கணும்.

"ஒத்த ஆளு கத்தி வெச்சி செய்ற வேலைக்கி மூணு ஆளு இன்னாத்துக்கு?"ன்னு கன்னியப்பன் கேட்டாரு.

"இதுதான் ஆட்டோமேட்டிக்"ன்னாரு புரொபசர்.

"சுவிட்ச் எங்க சார்?"ன்னு நான் கேட்டேன்.

"சுவிட்ச் அடுத்த கட்டம்"னு சொல்லிக்கிட்டே கம்பியை டைனமோவுல வெச்சாரு.

அம்மாடி! சத்தமே இல்ல, அது மட்டும் நிஜம். சத்தமே இல்லாம புல்வெட்டி பாய்ஞ்சுது. புரொபசர் கைப்பிடியை விடாம வேட்டி பறக்க ஓடறாரு. ஒயர் விறைச்சு நான் பின்னாடியே ஓடறேன். எனக்குப் பின்னாடி குழந்தை வண்டி, அதுக்குப் பின்னாடி கன்னியப்பன். "நிறுத்துங்க!"ன்னு கத்தறேன். "எப்படி?"ன்னு அவரு திருப்பிக் கத்தறாரு.

குரோட்டன்ஸ் செடி ரெண்டைச் சாய்ச்சு, துளசி மாடத்தை ஒரு சுத்து சுத்தி, காம்பவுண்டு சுவர்ல போய் முட்டிச்சு. குழந்தை வண்டி என் மேல வந்து முட்டிச்சு. பேட்டரி சாய்ஞ்சு, உள்ளேர்ந்து கொஞ்சம் தண்ணி என் பேன்ட்ல தெறிச்சுது.

"பயப்படாதீங்க, பேட்டரியில ஊத்தறது டிஸ்டில்டு வாட்டர்தான்"னாரு புரொபசர். பிசிக்ஸ்காரரு இல்லையா, கெமிஸ்ட்ரி அவரு டிபார்ட்மென்ட் இல்ல.

அங்க முட்டினப்புறமும் டைனமோ நிக்கல. சுவரைப் பிடிச்சுக் குடைஞ்சுக்கிட்டே இருந்தது. கம்பி சூடாகி ஒட்டிக்கிச்சு. பிடுங்கி எடுக்கறதுக்குள்ள பேட்டரியில இருந்த கரன்ட் முக்காலும் காலி.

அவசர அவசரமா பேட்டரியைத் திருப்பிக் கார்ல மாட்டினேன். பேனட்டை மூடவும், மேனேஜர் கோட் சூட்டோட வாசலுக்கு வரவும் சரியா இருந்தது.

சாவியைத் திருப்பினாரு. "க்ளக்."

மறுபடியும் திருப்பினாரு. "க்ளக்" கூட இல்ல.

"என்னடா இது! காலம்பற நன்னாத்தானே இருந்தது?"

நான் வானத்தைப் பார்த்தேன். புரொபசர் சுவருக்குப் பின்னாடி உட்கார்ந்துட்டாரு.

அடையார் ரோட்டுல நானும் கன்னியப்பனும் காரைத் தள்ளினோம். தெருமுனை வரைக்கும் தள்ளினோம். கார் ரெண்டு குலுக்கு குலுக்கிட்டு ஸ்டார்ட் ஆச்சு. நிறுத்தினா மறுபடி ஸ்டார்ட் ஆகாதுன்னு மேனேஜர் நிறுத்தாமலே போனாரு. ஜன்னல் வழியா கையை ஆட்டி என்னமோ கத்தினாரு. "புல்லு" மட்டும் காதுல விழுந்தது.

திரும்பி வந்து பார்த்தா தோட்டம் கண்றாவி. அஞ்சஞ்சு நிமிஷத் திட்டுகள். நடுவுல புரொபசர் ஓடின பாதை, பாம்பு போன மாதிரி வளைஞ்சு வளைஞ்சு. நான் கன்னியப்பனைப் பார்த்தேன். அவரு கத்தியை எடுத்து, டீ மேஜையைச் சுத்தி மட்டும் வட்டமா சுத்தமா வெட்டிக் குடுத்தாரு. அதுக்குத்தான் நேரம் இருந்தது.

நாலரைக்கு டைரக்டர் வந்தாரு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. தோட்டத்தை ஒரு பார்வை பார்த்தாரு.

"ஏனுங்க, இங்க என்னங்க நடந்துச்சு?"

மேனேஜர் முகம் செத்துப்போச்சு. "மெஷின் ரிப்பேர் சார். அஞ்சு நிமிஷம் ஓடறதாம், நின்னுடறதாம்."

டைரக்டர் டீயைத் தொடல. நேரா மெஷின்கிட்ட போய்க் குனிஞ்சாரு. டாங்க் மூடியைக் கழட்டி வெயில்ல பிடிச்சாரு.

"மூடியில மூச்சு விட ஒரு ஊசி ஓட்டை இருக்குமுங்க. காத்து உள்ள போனாத்தான் பெட்ரோல் கீழ இறங்கும். இதுல ஓட்டை மேல சந்தனத்தை இத்தனை கனமா அப்பி, குங்குமமும் வெச்சு, காய்ஞ்சு கல்லாட்டம் ஆயிருக்குது. ஆருங்க வெச்சது?"

இங்கே ஒரு விஷயம் சொல்லியாகணும். இதுவரைக்கும் சொல்லாததுக்குக் காரணம் வெட்கம்தான்.

மூணு நாள் முன்னாடி ஆயுத பூஜை. மேனேஜர் வீட்டுச் சுண்டலுக்கு ஆபீஸ்ல எல்லாரையும் கூப்பிட்டிருந்தாரு. நல்ல பேர் வாங்கணுமேன்னு நான் சந்தனக் கிண்ணத்தை வாங்கிக்கிட்டு வீடு முழுக்கச் சுத்தினேன். தையல் மெஷின், கார், அரிவாள்மணை, ஒண்ணு விடல. புல்லு வெட்டற மெஷின்கிட்ட வந்தப்போ கூட யாரும் இல்ல. அதுக்கு நெத்தி எதுன்னு தேடினேன். டாங்க் மூடிதான் உருண்டையா, மேலாப்புல, லட்சணமா இருந்தது. இன்னிக்கு அதை ஒவ்வொரு தடவை திறக்கும்போதும், குங்குமம் கலைஞ்சுடக் கூடாதேன்னு ஓரமாப் பிடிச்சுத்தான் திறந்தேன்!

மேனேஜர் பதறிப் போயிட்டாரு. "இந்தத் தோட்டக்காரன் வேலையாத்தான் இருக்கும் சார். நாளைக்கே கணக்கைத் தீர்த்து அனுப்பிடறேன்."

கன்னியப்பன் தலை குனிஞ்சு நின்னாரு. திறந்து வெச்சு ஓட்டுன்னு சொன்ன மனுஷன். சைதாப்பேட்டை கண்ணு முன்னாடி வந்துட்டுப் போச்சு.

"நான்தான் சார் வெச்சேன்."

டைரக்டர் திரும்பினாரு. "தம்பி எந்த செக்‌ஷனுங்க?"

"சர்வீஸ் செக்‌ஷன் சார்."

"அப்ப, இன்ஜின் நின்னு போகுதுன்னு விவசாயிங்க எழுதற காயிதத்துக்கெல்லாம் நம்ம ஆபீஸ்ல ஒரு பதில் போகுமே. முதல் வரியே, 'டாங்க் மூடியின் துவாரம் அடைபட்டிருக்கிறதா பார்க்கவும்'. அதை டைப் அடிக்கறது ஆருங்க?"

"அதுவும் நான்தான் சார்."

டைரக்டர் என்னைத் தலையிலேர்ந்து கால் வரைக்கும் பார்த்தாரு. பார்வை பேன்ட்ல நின்னுது. நானும் குனிஞ்சு பார்த்தேன். டிஸ்டில்டு வாட்டர் பட்ட இடமெல்லாம் ஆசிட் அரிச்ச பொத்தல். நான் பார்க்கப் பார்க்கப் பெரிசாகுது.

"மெசினுல இருக்கோணும்கிற ஒரு ஓட்டையை அடைச்சுப் போட்டீங்க. பேன்ட்டுல இருக்கக் கூடாத ஒம்போது ஓட்டையை வெச்சிருக்கறீங்க"ன்னு சொல்லிட்டு, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சாரு பாருங்க! மேனேஜர் பயந்து பயந்து சிரிச்சாரு. மாமி உள்ளேர்ந்து சிரிச்சாங்க. கன்னியப்பன்கூட சிரிச்சுட்டாரு. சிரிக்காம நின்னது நான் மட்டும்தான், ரெண்டு கையாலயும் பேன்ட்டைப் பொத்திக்கிட்டு.

அடுத்த மாசம் பர்மனென்ட் ஆர்டர் வந்தது. ஒப்புக்கிட்டதுக்காகன்னு மேனேஜர் சொன்னாரு. அடியில டைரக்டர் தன் கையாலயே ஒரு வரி எழுதியிருந்தாரு. "ஆயுத பூஜையன்று இவர் கையில் சந்தனக் கிண்ணம் தரக் கூடாது."

ஆபீஸ்ல முப்பத்தோரு வருஷம் தரல. ஆர்டரை மாமனாரும் படிச்சுட்டதால, வீட்டுலயும் தர்றதில்ல.