லைட் எரியாத பிளாப்பி

நடைமுறை தெரிந்தவனிடம் அவசர வேலையைக் கொடுக்கக் கூடாது. அவன் வேலையை முடிக்க மாட்டான், ஒழுங்குபடுத்துவான். நெய்யாற்றின்கரையில் அரசு அலுவலகத் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதை அதிகாரபூர்வமாகவே சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் பாறசாலைக்குப் பக்கத்திலுள்ள எங்கள் வீட்டில் ஒரு பழைய கணினி இருந்தது. மரச்சீனி என்ற மரவள்ளியைத் தாக்கும் தேமல் நோய் பற்றிய முனைவர் பட்ட ஆய்வேட்டை என் மைத்துனி சுஜா அதில்தான் தட்டச்சு செய்தாள். மாதக் கடைசிக்குள் சமர்ப்பிக்காவிட்டால் பதிவு ரத்து. அவளுடன் படித்த பிரதீப் அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்து, அத்தியாயங்களின் நகலைப் பிளாப்பி என்ற சின்னத் தட்டில் மூட்டை கட்டி வைக்கும் கட்டளையையும் தாளில் எழுதித் தந்திருந்தான்: tar -cvf, பிறகு பிளாப்பியின் பெயர், பிறகு ஆய்வேட்டின் பெயர். c என்றால் கட்டு. v என்றால் கட்டுவதைத் திரையில் காட்டு. f என்றால் அடுத்து வருவதே மூட்டையை வைக்கும் இடம். தினமும் அதைச் செய்யும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

c, v, f. எனக்கு உடம்பெல்லாம் அரித்தது. v-க்குப் பிறகு f வருமா? அகரவரிசை தப்பிய எதிலும் நான் கையெழுத்துப் போட்டவனல்ல. -cfv என்று திருத்தி, சிவப்பு மையில் சுருக்கொப்பமும் இட்டேன். (வீட்டில் மேலதிகாரி இல்லாதபோது நானே மேலதிகாரி.)

“அத்தான், நேத்து அத்தியாயம் பேரெல்லாம் வரிசையா ஓடிச்சு. இண்ணைக்கு ஒண்ணும் வரல்லியே. பிளாப்பிக்க லைட்டும் எரியல்ல” என்றாள் சுஜா.

“சத்தமில்லாம வேல நடக்குது மக்கா. அதாக்கும் ஒழுங்கு.”

அன்று முதல் தினமும் பழைய பிளாப்பிகளைச் சுத்தமாக அழித்து, புதிதாகக் கட்டி, தேதியிட்டு லேபிள் ஒட்டினேன். அதோடு நின்றேனா? சுத்தப்பிரதி தயாரானால் வரைவுகளை அழிப்பதுதான் அலுவலக முறை. சுஜாவின் கையெழுத்து வரைவுகளில் நான் குளிக்க வெந்நீர் காய்ந்தது.

ஐப்பசி இடி ஒன்று ஒரு மத்தியானம் கணினியை உள்ளேயிருந்த வன்வட்டோடு சேர்த்துக் கொண்டுபோனது. நான் கலங்கவில்லை. பிளாப்பிகளைப் பையில் போட்டு, சுஜாவையும் என் மனைவி சாந்தாவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி, தனுவச்சபுரத்தில் பிரதீப் வீட்டுக்குக் கம்பீரமாகப் போனேன்.

எல்லாம் காலி. லேபிள்கள் மட்டும் பிரமாதம்.

பிரதீப் என் தாளைப் பார்த்துத் தலையில் கை வைத்தான். “சாரே, f-க்குப் பொறவு v-யைப் போட்டா, அதுக்கு v-தான் மூட்டைக்க பேரு. எல்லாத்தையும் வீட்டு கம்ப்யூட்டருக்க வட்டிலேயே v-ண்ணு கட்டி வச்சிருக்கு.” அந்த வட்டுதான் கருகிவிட்டதே.

“எனக்க வரைவாவது இருந்திருந்தா...” என்று தொடங்கிய சுஜா, என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

“எழுத்த மாத்த உங்களுக்கு எவன் ஆர்டர் தந்தான்?” என்றாள் சாந்தா.

பதிவை நீட்டிக்கக் கோரும் விண்ணப்பத்தை அப்பழுக்கில்லாமல் நான்தான் எழுதினேன். நீட்டிப்பு கிடைத்தது. வயல் குறிப்புகளிலிருந்து சுஜா மறுபடி முதலிலிருந்து எழுதினாள். அதற்குள், அவளுக்கென்றே காத்திருந்த விரிவுரையாளர் வேலை இன்னொருத்திக்குப் போய்விட்டது. அவள் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம்.

திட்டுவதற்குப் பதில் ஒரு கேள்வியை வைத்துக்கொண்டாள். குடும்பமே அதைப் பிடித்துக்கொண்டது. கேட்டைப் பூட்டினேன், கரண்டு பில் கட்டினேன் என்று எதைச் சொன்னாலும், “லைட் எரிஞ்சுதா?”

போன மாதம் இதயப் பரிசோதனை முடிந்து, எல்லாம் சரியாக இருப்பதாகச் சுஜாவுக்கு போனில் சொன்னேன்.

“மெஷின்ல லைட் எரிஞ்சுதா அத்தான்?”

எரிந்தது. படுத்த இடத்திலிருந்து கழுத்தைத் திருப்பிப் பார்த்திருந்தேன்.