தளேகாவுக்கு வெள்ளைப் பூ

இனிமேல் எந்த முடிவும் எடுப்பதில்லை என்று கல்யாணசுந்தரம் முடிவெடுத்தது 1998 ஆகஸ்டில், புனே பக்கம் பிம்ப்ரி காய்கறிச் சந்தையில், ஒரு சுரைக்காய்க்கும் ஒரு புடலங்காய்க்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தபோது. இருபது நிமிஷம் அசையாமல் நின்றார். காய்க்காரம்மா இரக்கப்பட்டு, உட்காரச் சொல்லி ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டாள். கடைசியில் இரண்டையும் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டார்.

பாவம், அவர் மேலும் தப்பில்லை. பன்னிரண்டு பேர் வேலை செய்யும் ஒரு ரப்பர் பட்டறைக்கு அவர் முதலாளி. ஆகுர்டியில் இருந்த ஸ்கூட்டர் கம்பெனிக்குச் சின்னச் சின்ன ரப்பர் வளையம் செய்து கொடுக்கிற பட்டறை. காலை எட்டு மணிக்கு ஷட்டரைத் தூக்கினால் கேள்வி ஆரம்பித்துவிடும். எந்த அச்சை முதலில் ஏற்றுவது சேட், கந்தகம் இன்னும் ஒரு பிடி போடலாமா சேட், வாட்ச்மேனுக்கு லீவு உண்டா இல்லையா சேட், சாயாவில் இஞ்சி தட்டிப் போடச் சொல்லட்டுமா சேட். சாயங்காலம் ஏழு மணிக்குள் இருநூறு தீர்ப்பு சொல்லியிருப்பார். ஹைகோர்ட் ஜட்ஜுக்காவது கோடை விடுமுறை உண்டு. இவர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே மனைவி கனகவல்லி கேட்பாள், "தோசை ஊத்தட்டுமா, சப்பாத்தி போடட்டுமா?" அந்த இடத்தில்தான் அவருக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வரும்.

அதனால் பொறுப்பைச் சாமியிடம் ஒப்படைத்தார். பூக்கட்டிப் பார்ப்பது. ஒரு காகிதத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு அரளி. இரண்டையும் மடித்துச் சாமி படத்துக்கு முன்னால் போட்டு, எட்டு வயது மகள் ராஜஸ்ரீயை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. ஊரில் கல்யாணத்துக்கும் நிலத்துக்கும் ஆயுளில் ஒரு தரம், இரண்டு தரம் செய்கிற காரியம். இவர் வெண்டைக்காய்க்கே செய்தார்.

பொட்டலம் மடிப்பது மட்டும் கனகவல்லியின் வேலை. முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "ரப்பர் வாடை அடிக்கிற கையால சாமி பூவைத் தொடாதீங்க."

ஆறு மாதம் சுகமாகப் போயிற்று. மனுஷனுக்குத் தூக்கம் வந்தது. பட்டறையும் சொல்லப்போனால் முன்னைவிட நன்றாகவே நடந்தது. அப்புறம்தான் தளேகாவ் வந்தது.

கம்பெனியில் சாமான் வாங்கும் அதிகாரி பட்வர்தன் கூப்பிட்டுச் சொன்னார். ஏப்ரலிலிருந்து மூன்று மடங்கு வளையம் வேண்டும். உங்கள் பொந்தில் அது நடக்காது. பெரிய இடம் பாருங்கள், இல்லையென்றால் இருக்கிற ஆர்டரும் வேறொருத்தருக்குப் போய்விடும். தளேகாவில் மோரே என்பவருடைய ஷெட் காலியாக இருந்தது. பக்கத்திலேயே குடியிருக்க வீடு. வியாழக்கிழமை மோரே போன் செய்து, ஞாயிறு மதியம் பன்னிரண்டு மணி வரைதான் காத்திருப்பேன் என்று கெடு வைத்தார்.

போகாவிட்டால் பன்னிரண்டு குடும்பம் தெருவில் நிற்கும். போய் அங்கே சரிப்படாவிட்டால் பதிமூன்றாவதாக இவர் குடும்பமும் சேர்ந்துகொள்ளும். கல்யாணசுந்தரத்துக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

கனகவல்லியோ பேச்சை எடுத்தாலே முகத்தைச் சுளித்தாள்.

"தளேகாவா? அங்க மனுஷங்க இருக்காங்களா?"

"இருக்காங்க. ட்ரெயினே நிக்குது."

"ட்ரெயின் நின்னா நாம இறங்கியே ஆகணுமா?"

"அப்ப வேண்டாங்கறியா?"

"நான் யாருங்க சொல்றதுக்கு? அதான் எல்லாத்தையும் சாமிகிட்ட குடுத்துட்டீங்களே."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி. கனகவல்லி இரண்டு பொட்டலத்தையும் படத்துக்கு முன்னால் வைத்தாள். துணி வாளியைத் தூக்கிக்கொண்டாள்.

"மாடியில துணி உலர்த்திட்டு, கீழ் வீட்டு சாவித்ரி தாயிகிட்ட தயிருக்கு உறை வாங்கிட்டு வரேன். ராஜஸ்ரீயும் என்கூட வரட்டும். கால் மணி ஆகும். பொட்டலத்தைத் தொடாதீங்க."

கதவு சாத்திக்கொண்டது. வீட்டில் அவரும் கடிகாரமும் இரண்டு பொட்டலமும்தான். ஐந்து நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆறாவது நிமிஷம் கை தானாகப் போயிற்று. ஒன்றே ஒன்றை, ஓரமாக மட்டும் பிரித்தார்.

சிவப்பு.

அப்பாடா என்று இருந்திருக்க வேண்டும். இல்லை. நெஞ்சுக்குள் ஏதோ பிடுங்கிப் போட்ட மாதிரி வலித்தது. அந்தப் பெரிய ஷெட்டில் புது மெஷின் எங்கே நிற்கும், அலுவலக மேஜை எந்த ஜன்னலோரம் வரும் என்று தனக்கே தெரியாமல் மனசுக்குள் அளந்து வைத்திருந்தார் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. மற்றதாவது வெள்ளையாக இருக்கிறதே என்று ஆறுதலுக்காக அதையும் பிரித்தார்.

அதுவும் சிவப்பு.

கல்யாணசுந்தரம் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆறு மாதமும் வரிசையாகக் கண் முன்னால் வந்தது. கிரிக்கெட் பார்க்கப் பெரிய டிவி வாங்கலாமா? சிவப்பு. மச்சினன் பாஸ்கர் வந்து ஒரு மாதம் தங்கலாமா? வெள்ளை. ஒரு மாதம் போதுமா? சிவப்பு. ஞாயிறு தோறும் நண்பர்களோடு சீட்டாடப் போகலாமா? சிவப்பு, சிவப்பு, சிவப்பு. சாமிக்குத் தன் மேல் ஏதோ கோபம் என்று நினைத்து, அதற்காக ஒரு சனிக்கிழமை விரதம்கூட இருந்திருக்கிறார்.

அவருக்கு ரோஷம் பொங்கியது. என் பட்டறை. என் ரப்பர். இவளா தீர்மானிப்பது? போவேன். தளேகாவுக்குப் போயே தீருவேன்.

பால்கனிக்கு ஓடினார். தொட்டியில் இருந்த வெள்ளை அரளிச் செடியில் இரண்டே இரண்டு பூ. இரண்டையும் பறித்தார். சிவப்பைச் சட்டைப் பைக்குள் திணித்துவிட்டு, வெள்ளையை வைத்து அவள் மடிக்கிற மாதிரியே மடித்தார். ஒரு பொட்டலம் பிரிந்துகொண்டது. படியில் காலடிச் சத்தம். மறுபடி மடித்து, படத்துக்கு முன்னால் வைத்து, நாற்காலியில் பாய்ந்து பேப்பரைத் தூக்கிப் பிடித்தபோது கதவு திறந்தது.

"பேப்பரைத் தலைகீழா வெச்சிருக்கீங்க" என்றாள் கனகவல்லி.

விளக்கேற்றினாள். ராஜஸ்ரீ கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். கனகவல்லி பிரித்தாள். வெள்ளை. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், முகத்தருகே கொண்டுபோனாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கல்யாணசுந்தரம் அவளையே பார்த்தார். என்ன சொல்லிவிட முடியும் அவளால்? நான் இரண்டும் சிவப்பாக வைத்தேனே என்று வாய் திறக்க முடியுமா?

"சரி. சாமி சொல்லிடுச்சு" என்றாள்.

மணி பதினொன்று பத்து. மோரேயின் நம்பரைச் சுழற்றினார். என்கேஜ்டு. பதினொன்று இருபது, என்கேஜ்டு. பதினொன்று நாற்பதுக்கும் அப்படியே. வேறு எவனோ பேசி முடித்துக்கொண்டிருக்கிறான் என்று அவருக்கு வியர்த்துக் கொட்டியது. பன்னிரண்டுக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது எதிர்முனையில் மணி அடித்தது.

"மோரே சாயேப், ஷெட் எனக்குத்தான். இது என் முடிவு" என்றார் இந்தியில். குரல் வீடு முழுக்கக் கேட்டது.

"ரொம்ப சந்தோஷம் சேட்" என்றார் மோரே. "சாவிக்கு நீங்க இவ்வளவு தூரம் வர வேண்டாம். புதன்கிழமை உங்க வீட்டுத் தாயி வந்து வீட்டைப் பார்த்தப்பவே வாங்கிட்டுப் போயிட்டாங்க. அவங்கதான் சொன்னாங்க, கெடு வெச்சாத்தான் உங்களுக்கு வேகம் வரும்னு."

கல்யாணசுந்தரம் போனை வைத்தார். திரும்பினார். கனகவல்லி சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப ரெண்டு சிவப்பு?"

"ஒரு வாரமா திண்டாடறீங்க. போகலாம்னு நான் சொன்னா, சரிப்படுமா சரிப்படுமான்னு இன்னும் ஒரு மாசம் யோசிப்பீங்க. கூடாதுன்னு சொன்னாத்தானே உங்களுக்கு வழி தெரியும்."

"மாத்தினது சாமியா இருக்கக்கூடாதா?"

"வெள்ளைப் பூ ரப்பர் வாடை அடிச்சுதுங்க." அவர் சட்டைப் பையிலிருந்து இரண்டு சிவப்பு அரளியையும் எடுத்துப் படத்துக்கு வைத்தாள். "அந்த வீட்டுல கிணறு இருக்கு. வாளியோட படியேற வேண்டாம். சரி, டெம்போவுக்குச் சொல்லணும். சனிக்கிழமையா, ஞாயித்துக்கிழமையா? நீங்களே சொல்லுங்க."

சனிக்கிழமை என்றால் ஒரு நாள் வேலை கெடும். ஞாயிறு என்றால் கூலியாள் கிடைக்கமாட்டான். சனி. இல்லை, ஞாயிறு. அவருக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. மெல்ல எழுந்து பால்கனிக்குப் போனார். அரளிச் செடியில் இலைதான் இருந்தது.

வெறுங்கையோடு அவர் திரும்பி வந்தபோது கனகவல்லி கிண்ணத்துப் பாலில் உறையூற்றிக்கொண்டிருந்தாள்.

"சும்மா மரியாதைக்குக் கேட்டேங்க" என்றாள். "சனிக்கிழமை வரச்சொல்லி நேத்தே சொல்லியாச்சு."