முப்பத்தோராம் நாள் லினக்ஸில் சத்தம் போன விவரம்

சரவணை கிழக்கு,
வேலணை.
ஆனி மாதம்.

அன்பும் அதைவிடக் கூடுதலான பொறுமையும் உள்ள மருமகன் சுலக்சனுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கு சுகம் என்று எழுதுவது வழக்கம், ஆகவே எழுதுகிறேன். நீரும் எங்கள் மகள் துஷாந்தியும் பிள்ளையும் உமது தாயார் சீதேவி அம்மாவும் ஒஸ்லோவில் நலமாக இருக்க நயினை அம்மாளை வேண்டுகிறோம். உமது தாயாருக்காக இம்முறை தனியாகவும் ஒருதரம் வேண்டியிருக்கிறோம். அதன் காரணம் கீழே வரும்.

மருமகன், பிள்ளைக்குப் பெயர் வைக்கிற முப்பத்தொன்று முடிந்த நாளிலிருந்து துஷாந்தி போன் எடுக்கிறாள் இல்லை. நீரும் எடுக்கிறீர் இல்லை. உம்முடைய மாமி சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்து போனைப் பார்க்கிறா, பிறகு என்னைப் பார்க்கிறா. நான் முற்றத்துக்கும் கேற்றுக்கும் நடந்து நடந்து செருப்பின் வார் அறுந்துவிட்டது. சிக்கல் பெரிதென்றால் வாயால் பேசாதே, எழுத்தில் வை என்பது காணிக் கந்தோரில் நான் பழகிய பழக்கம். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கடைசிவரை வாசித்துவிட்டுக் கோபிக்கவும்.

போன மார்கழியில் நீர் வந்து நின்றபோது எங்கள் பழைய லப்டொப் ஆமை மாதிரி ஊருகிறது என்று சொல்லி, இருந்ததை எல்லாம் துடைத்து லினக்ஸ் போட்டுத் தந்தீர். இனி வைரஸும் வராது, தலையிடியும் வராது என்றீர். வைரஸ் வரவில்லை என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன். பெரிய படமாய்த் தெரிய ஒரு கமராவும் கொண்டுவந்து மேலே பூட்டிவிட்டீர். பேத்தியைப் போனில் பார்க்கலாமே என்று நீர் கேட்கலாம். உம்முடைய மாமிக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கிறது. போனில் பிள்ளை அவவுக்குக் கச்சான் கொட்டை அளவுதான். எங்களுக்கு விசாவும் சரிவரவில்லை. ஆகவே முப்பத்தொன்றுக்கு இரண்டு பகுதியும் முகம் பார்த்துப் பேசி, பெயர் சொல்லுவதைக் கேட்பதற்கு எங்களுக்கு இருந்த ஒரே வழி அந்த லப்டொப்தான்.

அந்த லப்டொப்பில் தினமும் காலையில் ஒரு பெட்டி வந்து, புதுப்பிப்புகள் காத்திருக்கின்றன என்று அறிவித்தல் காட்டும். நான் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவன். மேசைக்கு வந்த அறிவித்தலுக்குப் பதில் போடாமல் இருக்க எனக்கு ஏலாது. முப்பத்தொன்றுக்கு முதல் நாள், எல்லாம் புதிதாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் சம்மதம் கொடுத்தேன். அது இறக்கிக்கொண்டு போக, அரைவாசியில் கரண்ட் நின்றது. லப்டொப்பின் பற்றரி செத்து எவ்வளவோ காலம் என்பது உமக்குத் தெரியும். கரண்ட் வந்து திரும்பப் போட்டபோது படம் வந்தது, சத்தம் வரவில்லை. சத்தத்தின் இடத்தில் போலி வெளியீடு என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. இத்தனை வருடமாகப் போலிக் காணி உறுதிகளைப் பிடித்தவன் நான். என் வீட்டுக்குள்ளேயே இப்படி ஒன்று வந்து இருந்தால் எனக்கு எப்படி இருக்கும்.

உம்மை வேலைநேரத்தில் கரைச்சல்படுத்தக் கூடாது என்று நானே போனில் தேடினேன். பிறேசில் தேசத்து மனிதர் ஒருவருக்கு இதே லப்டொப், இதே லினக்ஸ், இதே வருத்தம். மூன்று பக்கத்துக்குப் புலம்பியிருந்தார். என் சகோதரனைக் கண்டது போல இருந்தது. கடைசியில், சரிவந்துவிட்டது, எல்லாருக்கும் நன்றி என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். எப்படிச் சரிவந்தது என்று ஒரு சொல் இல்லை. மருமகன், எனக்கு அந்த மனிதரில் இன்னும் கோபம் ஆறவில்லை. உம்மால் முடிந்தால் அவரைக் கண்டுபிடித்துக் கேட்கவும்.

பிறகு வேறொருவர், கறுப்புப் பெட்டியைத் திறந்து கட்டளை எழுதச் சொன்னார். ஒவ்வொரு கட்டளையும் சூடோ என்ற சொல்லில் தொடங்குகிறது. பிழை வரக் கூடாதென்று நான் ஒவ்வொன்றையும் வாய்விட்டு வாசித்துத்தான் தட்டுவேன். நான் சூடோ என்றதும் குசினிக்குள் இருந்து உம்முடைய மாமி, "ஓம், சூடுதான். இப்பதான் இறக்கினனான்" என்று தேத்தண்ணியோடு வந்தா. நான் குடித்தேன். அடுத்த கட்டளைக்கும் வந்தா. மத்தியானத்துக்குள் எனக்கு வயிறு எரிந்தது, அவவுக்குச் சீனி முடிந்தது. கடைசியில் அவ கதவடியில் நின்று, இனியும் சூடோ எண்டு கேட்டால் நீங்களே வந்து போட்டுக் குடியுங்கோ என்று சொல்லிவிட்டுப் போனா. கடவுச்சொல்லைக் கேட்டது, தட்டினேன், திரையில் ஒரு எழுத்துக்கூட விழவில்லை. இங்கத்தை உப்புக்காற்றில் விசைகள் இறுகிவிட்டன என்று எண்ணி எல்லாவற்றையும் கழற்றி ஸ்பிரிற்றில் துடைத்து வெயிலில் காயவைத்தேன். அது தட்டினாலும் காட்டாதாம், அதன் குணமே அப்படியாம். இதை யாராவது எனக்கு முதலே சொல்லியிருக்கலாம். நான் உம்மைச் சொல்லவில்லை.

அதன்பிறகு மென்பொருள் பொதிகள் உடைந்திருக்கின்றன என்று அறிவித்தது. ஒரு பொதிக்கு இன்னொரு பொதி வேண்டுமாம். அந்தப் பொதிக்கு வேறொரு பொதியின் பழைய பதிப்பு வேண்டுமாம். அந்தப் பழையதை இந்தப் புதியது உள்ளே விடாதாம். எங்கள் பகுதிக் காணிப் பங்காளிகள் மாதிரியே. இதற்கு ஒருவர் வெளியிலிருந்து ஒரு பொதிக்களஞ்சியத்தைச் சேர்க்கச் சொன்னார், சேர்த்தேன். அது வேறு பதிப்புக்கு உரியது என்பது அந்தப் பக்கத்தின் அடியில், எறும்பு எழுத்தில் இருந்ததைப் பிறகுதான் கண்டேன். லப்டொப் ஒரு நீண்ட பட்டியலைக் காட்டி, இவற்றை அகற்றப்போகிறேன், உண்மையாகவே சம்மதமென்றால் ‘ஓம், நான் சொல்வதைச் செய்’ என்று முழு வாக்கியமாக எழுது என்று ஆங்கிலத்தில் கேட்டது. என்னுடைய உத்தியோக காலம் முழுக்க எனக்குக் கீழே இருந்த ஒருவரும் என்னிடம் அப்படி ஒரு வசனத்தை விரும்பிக் கேட்டதில்லை. சந்தோசத்தோடு எழுதினேன். அது நான் சொன்னதைச் செய்தது. அதற்குப் பிறகு திரையில் படமும் இல்லை, எலிக்குறியும் இல்லை, நீர் போட்டுத் தந்த கடற்கரைக் காட்சியும் இல்லை. கறுப்பில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் இருந்து கண்சிமிட்டியது.

உம்முடைய மாமி வந்து பார்த்தா. போய்ச் சாமித்தட்டுக்கு முன்னால் இருந்தா. மருமகன், அவ என்னை ஏசியிருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. பிள்ளைக்கென்று எடுத்துவைத்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா.

துஷாந்தியோடு படித்த அன்ரனிட்டா இப்போது ஊர்காவற்றுறையில் கம்பியூட்டர் படிப்பிக்கிறா. அடுத்தநாள் காலையில் அவவைக் கெஞ்சிக் கூப்பிட்டேன். ஸ்கூட்டியில் வந்தவ, தொப்பியைக் கழற்றாமலே கதிரையில் இருந்து, நான் சேர்த்த களஞ்சியத்தைத் தூக்கி எறிந்து, அரைகுறையில் நின்ற பொதிகளை ஒழுங்குபடுத்தி, போன திரையைத் திரும்பக் கொண்டுவந்து தந்தா. கடற்கரை வரவில்லை, பரவாயில்லை. சத்தம் என்று நான் இழுத்தேன். "சத்தம் பிறகு பாப்பம் மாமா, எனக்கு வகுப்பிருக்கு. நீங்கள் இனி ஒண்டையும் தொடாதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டா. நான் ஒன்றையும் தொடவில்லை. இதற்கு அம்மாள் சாட்சி.

இனித்தான் அந்தக் கட்டம். நேரத்துக்கு நீங்கள் எல்லாரும் திரையில் வந்தீர்கள். உங்கள் வாய் அசைகிறது, ஒரு சத்தமும் இல்லை. போனில் அழைத்தோம், கொண்டாட்டத்துக்குள் ஒருவரும் எடுக்கவில்லை. எங்களுக்கு உங்கள் சத்தம் கேட்கவில்லை என்றால் உங்களுக்கும் எங்கள் சத்தம் கேட்காது என்றுதான் எந்த மனிதனும் நினைப்பான். ஆகவே நாங்கள் சிரித்த முகத்தோடு கையை அசைத்துக்கொண்டு, எங்களுக்குள் மனம்விட்டுக் கதைத்தோம். உமது தாயார் பிள்ளையைக் கமராவுக்குக் கிட்டக் கொண்டுவந்தா. உம்முடைய மாமி சிரித்துக்கொண்டே, "மூக்கு அவையின்ரை மூக்குத்தான். பாவம், பிள்ளை என்ன செய்யும்" என்று சொன்னா. சம்பந்தி உடுத்திருக்கிற சீலை துஷாந்தியின் வீட்டு யன்னல் திரையை வெட்டினது மாதிரி இருக்கிறதென்றும் சொன்னா. நான் அதைக் கண்டித்தேன். கண்டித்தது உங்களுக்குக் கேட்டிருக்கும் என்று நம்புகிறேன். பிறகு கேக்கைக் காட்டினீர்கள். அதில் ‘நொவாலிக்ஸ்’ என்று இங்கிலிஸ் எழுத்தில் இருந்தது. அதுதான் பிள்ளையின் பெயர் என்று எனக்கு விளங்கியது. "இந்தப் பேரிலை எனக்குச் சமிபாட்டுக் குளிசை தந்தவங்கள்" என்று சொன்னவன் நான்தான். மருமகன் நல்ல பிள்ளை, ஆனால் பேர் வைக்கவும் தெரியாது, லப்டொப் திருத்தவும் தெரியாது என்றும் சொன்னேன். அந்த நேரத்து ஆற்றாமை அது. உடனேயே உமது தாயார் முகம் மாறி எழுந்து, பிள்ளையைத் துஷாந்தியிடம் கொடுத்துவிட்டு அறைக்குள் போனா. உமது கை வந்து கமராவை மூடியது. அவ்வளவுதான்.

நேற்றுப் பின்னேரம் அன்ரனிட்டா சொன்னபடி வந்தா. லப்டொப்பைக் கொஞ்சநேரம் கிண்டிப் பார்த்துவிட்டு, நீர் பூட்டிய கமராவுக்குள்ளேயே ஒரு மைக் இருக்கிறது, அது ஒரு நாளும் பழுதாகவில்லை என்றா. நான் தண்ணீர் கேட்டேன். "கேக்கிற பக்கம்தான் செத்தது, மாமா. நீங்கள் கதைச்சது எல்லாம் போயிருக்கும்" என்று தெளிவாக வேறு சொன்னா. உம்முடைய மாமி அப்படியே கட்டிலில் இருந்தவதான்.

திருத்த வழியுண்டா என்று கேட்டதற்கு, லப்டொப்பைப் போடும்போது பழைய கேர்னலைத் தெரிவு செய்யச் சொன்னா. அது யுத்தகாலத்துப் படைப்பதவியான கேணல் என்று காதில் விழுந்ததும் உம்முடைய மாமி அந்தக் கவலைக்குள்ளும் எழும்பிப் போய் யன்னலைச் சாத்தினா. பிறகு அன்ரனிட்டா, அது லினக்ஸின் உள் மூலம், புதுப்பிப்பில் புதியது ஒன்று வந்திருக்கிறது, பழையதும் உள்ளே இருக்கிறது என்று விளங்கப்படுத்தினா. பழையதைப் போட்டால் சத்தம் வருகிறது, ஆனால் இன்ரநெற் பிடிக்கவில்லை. புதியதைப் போட்டால் இன்ரநெற் பிடிக்கிறது, சத்தம் வரவில்லை. இன்ரநெற் இல்லாமல் சத்தத்தை வைத்து நான் யாரோடு கதைக்கிறது? இதற்கு உம்மிடம் ஒரு வழி இருக்கும்.

ஆகவே மருமகன், நாங்கள் பேசினது பிழை. சாட்டுச் சொல்லவில்லை. உமது தாயாரிடம் நானே பேசியிருப்பேன், அவவின் போனும் எடுபடவில்லை. மூக்கைப் பற்றிச் சொன்னவ சாப்பிடாமல் இருக்கிறா. வேண்டுமென்றால் எங்களில் கோபத்தை வைத்துக்கொள்ளும், பிள்ளையின் முகத்தை மட்டும் மறைத்துப்போடாதேயும். நொவாலிக்ஸ் என்ற பெயரை நான் காலையில் இருந்து சொல்லிப் பழகிக்கொண்டு வருகிறேன். இப்போது அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை.

அம்மாளின் விபூதியும் பிள்ளையின் இடுப்பில் கட்டக் கறுத்த நூலும் இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் எந்த நாளும் வெளிச்சமும் சிரிப்பும் நிறைந்திருக்கவும், பேத்தி நோய்நொடி இல்லாமல் வளரவும், உமது தாயார் நூறாண்டு நல்லா இருக்கவும் எங்கள் இருவரின் ஆசீர்வாதம்.

இங்ஙனம்,
அன்பு மாமா
வ. தம்பிராசா

பி.கு. (உறையின் பின்பக்கத்தில்): மருமகன், பசை போட்டு ஒட்டின பிறகு துஷாந்தி இப்போதுதான் போன் எடுத்தாள். வீடு முழுக்கக் காய்ச்சலாம், போன்களை நிறுத்திவிட்டுப் படுத்திருந்தீர்களாம். பிள்ளை நித்திரையால் எழும்பிவிடும் என்று அன்றைக்கு உங்கள் பக்கத்துச் சத்தத்தை முழுக்கக் குறைத்து வைத்திருந்தீர்களாம். நாங்கள் கதைத்ததில் ஒரு சொல்லும் கேட்கவில்லையாம். பிள்ளை சீலையை நனைத்ததால்தான் சம்பந்தி அம்மா எழும்பிப் போனவவாம், நீர் கமராவை மூடினதும் அதற்காகத்தானாம். வேலணைச் சம்பந்திகள் எவ்வளவு சிரித்த முகமான ஆக்கள் என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாவாம். கேக்கில் இருந்தது கேக் கடையின் பெயராம். பிள்ளைக்குப் பூரணி என்று பெயர், உம்முடைய மாமி அன்னபூரணத்தின் பெயரில் பாதியை வைக்கச் சொன்னதே உமது தாயார்தானாம். இதைக் கேட்டதில் இருந்து உம்முடைய மாமி அழுகிறா, ஆனால் சாப்பிட்டா. ஆகவே இந்தக் கடிதத்தைத் திறக்க வேண்டாம். உறையைக் கிழித்தால் கடிதமும் கிழியும், வேறு உறையும் முத்திரையும் என்னிடம் இல்லை. விபூதியையும் நூலையும் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிட்டு, மிச்சத்தை அடுப்பில் போடவும். கேர்னல் விசயமாக நான் உள்ளே கேட்டிருப்பதற்கு மட்டும், வாசிக்காமல், உடன் பதில் எழுதவும்.